மூன்றடித் தொட்டியில் ஒரு கர்னல்

எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில் எனக்கு எதிர்வீடு வெலிமிர் வீடு. ஸ்மெதெரெவோ நகரப் பேருந்தில் அவர் ஓட்டுநர். வாசலில் வந்து நின்றாரென்றால் உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா என்பது தெரியாது, அத்தனை பெரிய உடம்பு. கடவுள் அவருக்கு வீட்டையும் உடம்பையும் வேறு வேறு நாளில் அளந்து கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும். சரி, ஒரு இடத்தில் உட்கார்ந்தாவது இருப்பாரா என்றால் அதுவும் இல்லை. பகலெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் கிடக்கிற மனிதருக்கு வீடு வந்ததும் கால் பரபரக்கும். சமையலறைக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

"யோவ், ஏதாவது ஒரு ஸ்டாப்புல நில்லேன்யா. பாக்குற எனக்குத் தலை சுத்துது" என்பாள் அவர் மனைவி டோப்ரிலா.

"இது எக்ஸ்பிரஸ். இங்க நிக்காது."

நல்ல மனிதர். மழையில் ஓடிவருகிறவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி வைப்பார். உள்ளே யாராவது முணுமுணுத்தால், "அவசரம்னா எறங்கிப் பின்னாடி தள்ளுங்க" என்பார். நான் கோயிலில் மெழுகுவர்த்தி விற்கிறவள். தினமும் காலையில் அவர் வண்டியில்தான் போவேன். கோயில் வாசலில் நிறுத்தமே கிடையாது. ஆனாலும் அங்கே வந்ததும் வண்டி இருமிக்கொண்டு கொஞ்சம் மெதுவாகும், நான் இறங்கிக்கொள்வேன்.

ஒரு கோடையில் புருஷனும் பெண்டாட்டியும் கிரேக்கக் கடற்கரைக்குப் போய் வந்தார்கள். டோப்ரிலா மணலில் படுத்துக் கிடந்தாளாம். இவர் முகத்தில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டவர், முதுகுத் தோல் உரிகிற வரைக்கும் வெளியே எடுக்கவில்லையாம். ஊர் திரும்பினதும் முதல் வேலையாக ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினார். மூன்றடி நீளம். சாப்பாட்டு அறையில் மிச்சம் இருந்த சுவர் அவ்வளவுதான். பெல்கிரேடில் ஒரு கடையில் மீன் வாங்கினார். அப்போது அது தீப்பெட்டி அளவுதான். பழுப்பும் மஞ்சளுமாக உடம்பில் பட்டை. முதுகுத் துடுப்பையும் வயிற்றுத் துடுப்பையும் விரித்தால் பாய் விரித்த படகு மாதிரி இருக்கும். வால் தொடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள், பேனாக்கத்தி போல மடங்கிக் கிடக்கும்.

"இது பெருசா வளருமா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைக்காரன், "தொட்டி எவ்ளோ இருக்கோ அவ்ளோதான்ணே வளரும். அதுக்கே தெரியும்" என்றிருக்கிறான்.

இவரும் நம்பிவிட்டார். நல்ல மனசுக்காரர்கள் கடைக்காரன் பேச்சைத்தான் முதலில் நம்புவார்கள். டோப்ரிலா நம்பவில்லை.

"நீயும் உங்கம்மா வீட்ல ஒத்த ரூம்லதானய்யா வளந்தே. நீ ஏன் அந்த அளவுல நிக்கலை?"

"நின்னேனே. அந்த ரூம் ரொம்புன அளவுல நின்னுட்டேன்."

மீன் அப்படி நிற்கவில்லை. ஒரு வருஷத்தில் உள்ளங்கை அளவு ஆனது. அப்புறம் வெலிமிரின் உள்ளங்கை அளவு ஆனது, அது ரொட்டி வைக்கிற தட்டு மாதிரி. துடுப்பை விரித்தால் தொட்டியில் பாதி உயரம் அதற்கே சரியாகிவிடும். சும்மா இருக்கிற ஜாதியும் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு வீச்சு, உடனே திரும்பல், மறுபடி இரண்டு வீச்சு. விறைப்பாக நடந்து சட்டென்று திரும்புகிற அழகைப் பார்த்து கட்டடத்தில் எல்லோரும் அதற்குக் கர்னல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். படிக்கட்டில் பார்க்கிறவர்கள், "என்ன வெலிமிர், கர்னல் பரேடு முடிச்சிட்டாரா?" என்று கேட்பார்கள்.

கர்னலுக்கு அவர்மேல் உயிர். பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டதும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். துணி மாட்டுகிற கிளிப்பில் கடற்பாசியையோ பசலை இலையையோ செருகித் தண்ணீருக்குள் பிடித்தால், அவர் விரலை உரசிக்கொண்டு தின்னும். "பாத்தீங்களா ஸ்டானாக்கா? கட்டின பொண்டாட்டிகூட வாசல் வரைக்கும் வர்றதில்ல" என்பார் என்னிடம்.

"அது தொட்டிய விட்டு வேற எங்க போவும், பாவம்?" என்பாள் டோப்ரிலா. விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் நாளாக ஆக அதில் விளையாட்டு குறைந்துகொண்டே வந்தது. கர்னலின் மூக்கு கண்ணாடியில் இடித்து இடித்துச் சிராய்த்துப் போயிருந்தது. கண்ணைச் சுற்றி வெளிறிப் போய், அம்மைத் தழும்பு போல சின்னச் சின்னக் குழிகள். யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் அது பயந்து பாய்ந்து கண்ணாடியில் 'டம்' என்று மோதும்.

இன்னும் பெரிய தொட்டி வைக்க வழி உண்டா என்று வெலிமிர் வீட்டையே அளந்து பார்த்தார். ஒரு சுவரில் அடுப்பு, ஒன்றில் கதவு, ஒன்றில் அலமாரி. கட்டிலைத் தூக்கிவிட்டு அங்கே வைக்கலாம் என்றார். "வையி. அப்புறம் நீ கர்னலோட படுத்துக்க" என்றாள் டோப்ரிலா. இதைக் கேள்விப்பட்ட கட்டடச் சங்கத் தலைவர் மேலே வந்து, அத்தனை தண்ணீரை நாலாவது மாடித் தரை தாங்காது, மீனோடு மூன்றாவது மாடிக்கு இறங்கிவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று நான் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். அவர் சமையலறைக்கும் சன்னலுக்கும் நடந்தார். கொடுத்தால் அவருக்கு வீடு வெறிச்சோடிப் போகும், கொடுக்காவிட்டால் கர்னல் பிழைக்காது. இது எங்கள் மூவருக்கும் தெரியும். அதனாலேயே அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தோம்.

இந்த நேரத்தில்தான் தீர்த்த விவகாரம் நடந்தது.

வெலிமிர் குடும்பத்தின் காவல் புனிதர் நிக்கோலாஸ், மாலுமிகளைக் காப்பாற்றுகிறவர். டிசம்பரில் அவருடைய திருநாள். அதை ஸ்லாவா என்போம், வீட்டுக்கே பெரிய நாள். அதற்கு முன்னால் சாமியார் வந்து தண்ணீரை மந்திரித்து, வீடெல்லாம் தெளித்து, பிரார்த்தனை செய்துவிட்டுப் போக வேண்டும். அந்தத் தீர்த்தத்தில்தான் திருநாள் ரொட்டிக்கு மாவு பிசைவார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு நிக்கோலாஸ்தான். அதனால் ஸ்பிரிடன் சாமி வெகு நாள் முன்னதாகவே மாடி மாடியாக ஏறி இறங்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்கிற நாளை நாங்கள் அற்புதங்கள் கணக்கில்தான் சேர்ப்போம்.

அன்றைக்கு வெலிமிர் வேலைக்குப் போயிருந்தார். நான் டோப்ரிலாவுக்குத் துணையாக இருந்தேன். சாமி மூச்சிரைக்க வந்தார், மூக்குக்கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. "சீக்கிரம் தண்ணி வை டோப்ரிலா, இன்னும் மேல ரெண்டு வீடு இருக்கு" என்றார். சமையலறை மேடையில் பெரிய எனாமல் பானை நிறையத் தெளிந்த தண்ணீர் இருந்தது. புருஷன் மறக்காமல் பிடித்து வைத்திருக்கிறார் என்று அவள் சந்தோஷப்பட்டு, அதை மேசைமேல் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். சாமி சிலுவையைத் தண்ணீரில் முக்கி ஜெபம் சொன்னார். திருநீற்றுப்பச்சிலைக் கொத்தால் எங்கள் தலையிலும், சுவரிலும், படத்திலும், அலமாரியிலும், போகிற போக்கில் கர்னல்மேலும் தெளித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் நானும் டோப்ரிலாவும் பயபக்தியோடு ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம்.

உப்பு. சாதாரண உப்பு இல்லை, நாக்கு சுருண்டது. என் பாவத்துக்குக் கடவுள் தீர்த்தத்தையே உப்பாக்கிவிட்டார் என்று நினைத்தேன். முந்தின நாள் கோயிலில் ஒருத்தியைக் கடிந்து பேசியிருந்தேன், அதுதான் என்று தோன்றியது. டோப்ரிலா முகத்தைப் பார்த்தேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன பாவமோ, நான் கேட்கவில்லை. "நல்லா இருக்கு இல்ல அக்கா?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

வெலிமிர் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார். "கர்னலுக்கு உப்பு கரைச்சு வச்ச தண்ணி எங்க?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரித்ததில் டோப்ரிலாவுக்கு விக்கல் எடுத்து, அதற்குக் குடிக்க நல்ல தண்ணீர் தேட வேண்டியதாயிற்று.

ரொட்டிக்குக் கவலை இல்லை, கோயிலிலிருந்து ஒரு புட்டித் தீர்த்தம் நான் கொண்டு வந்து தந்தேன். பிரச்சினை பானைதான். தீர்த்தத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கால் படாத இடத்தில்தான் சேர்க்க வேண்டும். செடிக்கு ஊற்றலாம் என்றால் உப்புத் தண்ணீருக்கு எந்தச் செடி பிழைக்கும்? வெலிமிர் யோசித்துவிட்டு, "கடல் தண்ணி கடல் மீனுக்கு. மாலுமிங்க சாமி, அவருக்கும் இதுல சந்தோஷந்தான்" என்று பானையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். டோப்ரிலா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த சனிக்கிழமைதான் வினை தெரிந்தது. கர்னல் நிறையத் தின்கிறவன், அழுக்கும் நிறைய. வாராவாரம் தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். வெலிமிர் குழாயைப் போட்டு ஒரு வாளி பிடித்துக் குளியலறைக்கு நடந்தார். டோப்ரிலா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கொண்டு போற?"

"கொட்டத்தான்."

"தீர்த்தத்தையா?"

"ஒரு பானை தீர்த்தம்டி. மிச்சம் எல்லாம் மீன் தண்ணி."

"ஸ்டானாக்கா, நீங்க சொல்லுங்க. தீர்த்தம் கலந்தா மிச்சமும் தீர்த்தமா இல்லையா?"

நான் என்ன சொல்ல? கோயிலில் அண்டாத் தண்ணீரில் கொஞ்சம் தீர்த்தம் விட்டால் அண்டா முழுக்கத் தீர்த்தம்தான். அப்படித்தான் என்று சொன்னேன். வெலிமிர் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

மறு சனிக்கிழமை இன்னொரு வாளி. அப்புறம் துணி துவைக்கிற தொட்டி, ஊறுகாய் போடுகிற பீப்பாய். குளிருக்கு மற்ற வீட்டு பால்கனியில் வாளித் தண்ணீர் கல்லாக உறைந்து கிடந்தது, இவர்கள் தண்ணீர் உப்பின் புண்ணியத்தில் தளதளவென்று இருந்தது. எனாமல் பானை அவளுக்குத் திருநாள் சூப்புக்கு வேண்டும். பிடித்து வைக்க வீட்டில் வேறு பாத்திரம் இல்லை. சாமியைக் கேட்கலாம் என்றால் இருவருக்கும் வெட்கம். கடைசியில் வெலிமிர் தண்ணீர் மாற்றுவதையே நிறுத்திவிட்டார். "திருநாள் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

திருநாள் வந்தது. எங்கள் ஊர் வழக்கத்தில் அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் தாமாகவே வருவார்கள். கிறிஸ்துமஸ் நோன்புக் காலம் என்பதால் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. பொரித்த கெண்டை, மீன் சூப், அடுப்பில் வெந்த பீன்ஸ், இனிப்புக் கோதுமை, சிவப்பு ஒயின். இன்னொரு வழக்கம், வீட்டுக்காரர் அன்றைக்கு உட்காரக் கூடாது. கடைசி விருந்தாளி போகிற வரைக்கும் நின்றபடியே பரிமாற வேண்டும்.

வெலிமிருக்கு நிற்பது கஷ்டமில்லை, நடப்பவர்தானே என்று நினைத்தேன். ஆனால் அந்த வருஷம் கூட்டம் அதிகம். மேசையைச் சுற்றி நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி. அவர் தொட்டிக்கும் அலமாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். முன்னால் எடுத்து வைக்க ஒரு அடி இல்லை, பின்னால் ஒரு அடி இல்லை. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் அவர் முகம் சிவந்து, ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டே இருந்தார்.

"ஏம்ப்பா, மேசையில சின்னச் சின்னதா வச்சிட்டு, பெரிய மீனைப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கியே" என்றார் ஒரு விருந்தாளி. எல்லோரும் சிரித்தார்கள். வெலிமிர் சிரிக்கவில்லை. கர்னல் பரேடு போகவில்லை. ஒரு மூலையில் சாய்ந்து, செவுள் படபடவென்று அடிக்க, மேல் தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டிருந்தது.

வந்தவர்களில் பல் டாக்டர் ஒலிவெரா ஒருத்தி. வெலிமிரோடு வேலை பார்க்கிற ஓட்டுநரின் மனைவி. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"வெலிமிர் அண்ணே, கடைசியா எப்போ தண்ணி மாத்துனீங்க?"

அவர் டோப்ரிலாவைப் பார்த்தார். டோப்ரிலா என்னைப் பார்த்தாள். நான் ரொட்டி வெட்ட வந்து உட்கார்ந்திருந்த ஸ்பிரிடன் சாமியைப் பார்த்தேன். வேறு வழியில்லை. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், பானையிலிருந்து பால்கனி வரைக்கும்.

சாமி எழுந்து போய் பால்கனிக் கதவைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்தபோது தாடி குலுங்கிக்கொண்டிருந்தது. "நான் ஒரு பானையத்தான் மந்திரிச்சேன். நீங்க ஒரு கடலையே பண்ணி வச்சிருக்கீங்களே."

"பாவமா சாமி?" என்றாள் டோப்ரிலா.

"ஜனவரியில நாம டான்யூப் நதி முழுசையும் மந்திரிக்கிறோம். அதுக்கப்புறம் அதுல கப்பல் போவுது, வாத்து குளிக்குது. யாராவது நதிய அள்ளி பால்கனியில வைக்கிறாங்களா? தீர்த்தம் உசுரக் காப்பாத்தத்தாம்மா, உசுர எடுக்க இல்ல. வாளிய எடுங்க, ஆத்துல சேத்துடுங்க. இந்தத் தொட்டியில எடுக்குறதையும் அங்கயே."

சாமியே கோட்டைக் கழற்றிவிட்டு முதல் வாளியைத் தூக்கினார். திருநாள் உடையில் ஆண்கள் எல்லோரும் நாலு மாடி இறங்கி ஏறினார்கள். யாரோ காரில் வைத்துக் கரைக்குக் கொண்டு போனார்கள். ஒலிவெரா கையை மடித்துவிட்டு உப்புத் தண்ணீர் கரைத்தாள். சூப்புப் பானையைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், வந்தவர்கள் எல்லோரும் இரண்டாவது முறையும் சூப் குடித்தார்கள். புதுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் இறங்க இறங்கக் கர்னலின் செவுள் அடங்கியது. அந்தி வருவதற்குள் அது மூலையை விட்டு வெளியே வந்து, துடுப்பை விரித்து, இரண்டு வீச்சு போய்த் திரும்பியது. மறுபடி இரண்டு வீச்சு.

எல்லோரும் கைதட்டினோம். டாக்டர் தட்டவில்லை.

"தண்ணி மாத்துனா மூச்சு வரும். எடம் வருமாண்ணே? கடல்ல நாளெல்லாம் ஓடித் திரியிற ஜாதி இது. இன்னும் வளரும். உங்க பஸ்ஸ லிஃப்டுக்குள்ள ஓட்டச் சொன்னா ஓட்டுவீங்களா?"

"நம்ம லிஃப்ட்லயா? அது நின்ன எடத்துலதான் இருக்கும்" என்றார் யாரோ.

வெலிமிர் மறுபடியும் அந்த இடுக்கில்தான் நின்றுகொண்டிருந்தார். கர்னல் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து இங்கயே நிக்கிறேன்" என்றார் கடைசியில். "ரெண்டு எட்டு வைக்க முடியல. நீங்கல்லாம் எப்ப போவீங்கன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிடுங்க, விருந்தாளிய அப்படி நெனைக்கக் கூடாது. ஆனா நெனச்சேன். ஒரு நாளுக்கே எனக்கு இப்படி."

ஒலிவெரா பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, உங்க ஆஸ்பத்திரியில சுவரோட சுவரா ஒரு தொட்டி இருக்குன்னு சொல்வாங்களே. எவ்ளோ நீளம்?"

"நோயாளிங்க உக்கார்ற பெஞ்சு எவ்ளோ நீளமோ அவ்ளோ. எட்டுப் பேர் உக்காரலாம்."

"எட்டுப் பேர்" என்று சொல்லிப் பார்த்தார். "சாதாரண ஆளுங்களா, என்னைய மாதிரியா?"

"உங்கள மாதிரின்னா அஞ்சு."

"சரி. கூட்டிட்டுப் போங்க." சொல்லிவிட்டு ஒயின் ஊற்றத் திரும்பிக்கொண்டார்.

அந்த வார இறுதியிலேயே கொண்டு போனோம். பிடிக்கும்போது கர்னல் வால் கத்தியால் அவர் கட்டைவிரலில் ஒரு கீறல் போட்டது. "ராணுவத்துல இருந்து விடுதலை ஆவுறவன் கையெழுத்துப் போட்டுட்டுப் போறான்" என்று துணியைச் சுற்றிக்கொண்டார். மூடி போட்ட வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நான் மனசுக்குள் புனித நிக்கோலாஸைக் கும்பிட்டுக்கொண்டே போனேன், மீனுக்காகப் பாதி, இவருக்காகப் பாதி.

புதுத் தொட்டியில் விட்டதும் கர்னல் இரண்டு வீச்சு போனது. சரியாக அங்கே திரும்பியது. அங்கே கண்ணாடி இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். ஆனாலும் மூன்றடிக்குத் திரும்பியது. மறுபடி, மறுபடி. வெலிமிர் முகம் சுருங்கிப் போயிற்று. "பழக்கிட்டேனே" என்றார். பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நோயாளிகள்கூட வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவர் எழுந்தார். தொட்டியின் தூரக் கோடிக்கு நடந்து போய் நின்று, கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். கர்னல் அவரைப் பார்த்தது. வழக்கமாகத் திரும்புகிற இடம் வரை வந்து, தயங்கி நின்று, துடுப்பை மடக்கியது. பிறகு ஒரே பாய்ச்சல், அம்பு மாதிரி, சுவரின் அந்தக் கோடிவரைக்கும். அவர் கைக்கு நேராக வந்து நின்று, பாயை முழுசாக விரித்தது. அது அத்தனை பெரிது என்று அதுவரை எங்களுக்கே தெரியாது.

"போடா போடா" என்றார் வெலிமிர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் இந்தக் கோடிக்கு நடந்தார், கர்னலும் வந்தது. அந்தக் கோடிக்கு நடந்தார். இரண்டு பேரும் நடந்துகொண்டே இருந்தார்கள். டாக்டர் கதவைத் திறந்து, "அண்ணே, என் நோயாளிங்களுக்குத் தலை சுத்துது" என்றாள். டோப்ரிலா, "நான் முப்பது வருஷமா சொல்றேன் டாக்டர்" என்றாள்.

இப்போது வீட்டிலுள்ள மூன்றடித் தொட்டியில் விரல் நீளத்தில் இரண்டு மீன்கள் இருக்கின்றன. கல்லிடுக்கை விட்டு வெளியே வராத ஜாதி. கர்னலின் மூக்குக் காயம் ஆறிவிட்டது, கண்ணைச் சுற்றிய குழிகளும் மேவி வருகின்றன. வெலிமிர் வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். ஆனால் ஒலிவெரா கறாரானவள். "பெஞ்சு நோயாளிக்கு. வந்து உக்காந்தா வாயத் தொறக்கணும்" என்றுவிட்டாள். இளமையில் ராணுவத்தில் இருந்தபோது காட்டியதோடு சரி, அதற்கப்புறம் பல்லை யாரிடமும் காட்டாத மனிதர், கர்னலுக்காக வாயைத் திறந்தார். ஒவ்வொரு வாரமும் ஒரு பல். அடைத்தார், பிடுங்கினார், கட்டினார். இந்த வசந்தத்தில் டாக்டர், "இனிமே உங்க வாயில எனக்கு வேலையே இல்லண்ணே" என்று சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டதாம். மறு வாரம் டோப்ரிலாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

டோப்ரிலாவின் பல்லும் முடியப் போகிறது. எனக்குக் கடைவாயில் ஒன்று லேசாகக் கூசுகிறது என்று நேற்றுப் பேருந்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வண்டியை அப்படியே ஓரங்கட்டிவிட்டார்.

"ஸ்டானாக்கா, அத சாதாரணமா விட்டுறாதீங்க. வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். ரொம்ப நேரம் காக்க வைப்பாங்க, ஆனா பரவால்ல."